டீமுக்கு ஒரு டைனமிக் மொழி தேர்ந்தெடுப்பது எப்படி: மண்டபம் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

"புது சிஸ்டம் எழுதணும். எந்த மொழின்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணிருங்க" என்று மேலே இருப்பவர் சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவார். நேற்றுவரை தனக்கு ஒதுக்கிய வேலைச் சீட்டை (டிக்கெட்டை) மட்டும் முடித்துக்கொண்டிருந்தவர், இன்றைக்கு ஏழெட்டுப் பேருடைய அடுத்த ஐந்து வருட வேலையைத் தீர்மானிக்க வேண்டும். இப்படி முதல்முறை பொறுப்பு வந்து சேர்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இப்போது மண்டபத்தில், கடல் உணவு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் சாஃப்ட்வேர் டீமைக் கவனிக்கிறேன். மொத்தம் ஏழு பேர். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக நண்டும் கணவாயும் இறாலும் வாங்குவதில் தொடங்கி, எடை, விலை, குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதிக் காகிதங்கள் வரை எல்லாம் நாங்கள் எழுதிய புரோகிராமில்தான் ஓடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் கம்பைலர் (எழுதிய கோடை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் புரோகிராம்) ஓடுவதற்கு முன்பே செய்யும் சரிபார்ப்பை, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற டைனமிக் மொழியில் டீம்தான் செய்ய வேண்டும். அந்த வேலையை உங்கள் டீம் எந்த மொழியில் சலிக்காமல் செய்யும் என்று கண்டுபிடிப்பதுதான் தேர்வு. வேகம், புகழ், எந்தப் பெரிய கம்பெனி எதைப் பயன்படுத்துகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: டைனமிக் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பாருங்கள்

வரையறை இருக்கட்டும். கொள்முதல் கொட்டகையில் நடப்பதைப் பாருங்கள். விடியாத நேரம். நண்டு ஏற்றிய வள்ளம் ஒன்று கரையில் நிற்கிறது. முதல் கூடையின் எடையைப் பையன் போனில் தட்டுகிறான்: 12. இரண்டாவது கூடையின் எடை எலக்ட்ரானிக் தராசிலிருந்து நேராக வருகிறது: 3. இரண்டும் சேர்ந்து 15 கிலோ. ஆனால் போனில் தட்டியது எழுத்தாக வந்து சேர்கிறது, தராசிலிருந்து வந்தது எண்ணாக வருகிறது. மொழியிடம் நாம் கேட்பது "12" + 3 என்ன என்பதை.

ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி "123" என்று கொடுக்கும். ஒரு எச்சரிக்கையும் வராது. அதே இரண்டையும் கழிக்கச் சொன்னால் 9 என்று சரியாகச் சொல்லும், அதனால் தப்பு இருப்பதே கண்ணில் படாது. பைத்தானும் ரூபியும் "எழுத்தையும் எண்ணையும் கூட்ட முடியாது" என்று அங்கேயே நின்றுவிடும். பிஎச்பி, கூட்டல் குறி எண்களுக்கு மட்டும்தான் என்று வைத்திருப்பதால், எழுத்தை எண்ணாக மாற்றி 15 என்று சரியான விடையே தரும்.

இது கதைக்காகச் சொன்ன உதாரணம் இல்லை. எங்கள் செயலியின் முதல் வாரத்தில் நடந்தது. எங்கள் கணக்கப்பிள்ளை கீழக்கரைக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். அவர்தான் பிரிண்ட் எடுத்த தாளோடு வந்தார். "தம்பி, இந்த வள்ளத்துக்கு 123 கிலோ நண்டுன்னு போட்டுருக்கு. கடலையே அள்ளிட்டு வந்துட்டானா?" என்று கேட்டார். பணம் கொடுப்பதற்கு முன்னால் அவர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். கம்ப்யூட்டர் பிடிக்காத தப்பை, எந்த வள்ளம் எவ்வளவு கொண்டுவரும் என்று தெரிந்த ஒரு மனிதர் பிடித்தார்.

இதற்காகப் பைத்தான் நல்லது, ஜாவாஸ்கிரிப்ட் கெட்டது என்று ஓடிவிடாதீர்கள். இரண்டு எடையுமே போனில் தட்டப்பட்டிருந்தால் "12" + "3" என்று ஆகியிருக்கும். அப்போது பைத்தானும் ரூபியும்கூட "123" என்றே ஒட்டியிருக்கும். பிஎச்பியிலோ, பையன் "12 கிலோ" என்று தட்டினால் கிலோவை விட்டுவிட்டு, ஒரு எச்சரிக்கையை மட்டும் லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதிவிட்டு, 15 என்றே கொடுக்கும். அந்த லாகை யாரும் திறக்காவிட்டால் எச்சரிக்கை இருந்தும் இல்லாததுதான். வலைக்கு வலை கண்ணி வேறு. எந்த வலையில் எது நழுவும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது வரையறைக்கு வரலாம். டைனமிக் மொழியில் பெயருக்கு வகை கிடையாது, மதிப்புக்குத்தான் வகை உண்டு. 'எடை' என்ற பெயரில் இப்போது எண் இருக்கும், அடுத்த வரியில் எழுத்து இருக்கும், மொழி தடுக்காது. தப்பு இருந்தால் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். ஓடாத வரியில் இருக்கும் தப்பு, ஓடும் நாள்வரை ஒளிந்திருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கன்டெய்னர் கதையில் மறுபடி வரும்.

இரண்டாம் படி: மொழியை ஒதுக்கிவிட்டு வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கைந்து கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். இந்த சிஸ்டம் எத்தனை வருடம் ஓட வேண்டும்? ஏற்கெனவே ஓடுகிற எதனோடு பேச வேண்டும்? எங்கே உட்கார்ந்து பயன்படுத்தப் போகிறார்கள்? அதிகாலை நாலு மணிக்கு நின்றுவிட்டால் யார் எழுந்து பார்ப்பது?

எங்கள் தாளில் இரண்டு பதில்தான் தீர்ப்பையே மாற்றின. முதலாவது, கணக்குப் பிரிவில் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது, அதை எடுக்க முடியாது. டாலி எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தில், வெப் பக்கங்கள் வந்துபோகும் அதே எச்டிடிபி வழியாகப் பேசும் என்பதால் எந்த மொழியும் அதனோடு பேசிவிடும், கவலை நீங்கியது. உங்கள் நிறுவனத்தில் பெரிய ஜாவா சிஸ்டம் ஒன்று நடுவில் இருந்தால் கதை வேறு. அப்போது ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்திலேயே (ஜாவா புரோகிராம்களை ஓட்டும் அடித்தளத்திலேயே) ஓடும் க்ரூவி மொழியையோ, ரூபியின் ஜேரூபி வடிவத்தையோ ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பைத்தானின் ஜைதான் வடிவமும் அங்கேதான் ஓடுகிறது, ஆனால் அது பழைய பைத்தான் 2.7 அளவிலேயே நிற்கிறது. புது வேலைக்கு வேண்டாம்.

இரண்டாவது, சிக்னல். வாடைக் காலத்தில் காற்றும் மழையும் பிடித்தால் கரையோரத்தில் கரண்டும் போகும், நெட்டும் போகும். ஆனால் வள்ளம் வந்தால் நண்டை எடை போட்டே ஆக வேண்டும், அது காத்திருக்காது. எனவே எடை போடும் பக்கம் நெட் இல்லாமலும் போனுக்குள்ளேயே சேமித்துவைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். போனின் பிரவுசருக்குள் அதைச் செய்ய ஜாவாஸ்கிரிப்ட்தான் இயல்பான வழி. ஆக, சர்வரில் என்ன எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்ட் எங்கள் வீட்டுக்குள் வந்தே தீரும் என்று அந்தத் தாளே சொல்லிவிட்டது.

வேகத்தைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். பில், ஸ்டாக், ரிப்போர்ட் மாதிரி வேலைகளில் நேரம் பெரும்பாலும் டேட்டாபேஸுக்கும் நெட்வொர்க்குக்கும் காத்திருப்பதில்தான் போகிறது. உங்கள் வேலை அப்படி இல்லை என்றால் அளந்து பாருங்கள். அளக்காமல் விவாதிக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஆட்களைப் பாருங்கள்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ ஒருவர் விலகினால் பத்து நாளில் இன்னொருவர் வந்துவிடுவார். ராமநாதபுரத்தில் அப்படி இல்லை. நாங்கள் எடுப்பது பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் பிள்ளைகளை. மதுரையில் படித்துவிட்டு ஊரோடு இருக்கலாம் என்று வருபவர்கள் சிலர். அவர்கள் வரும்போதே கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும் இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்கள் பிஎச்பி படித்திருப்பார்கள். இதன் அருமை வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. எங்கள் டீமில் ஒரு பெண் தொண்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர். ஆங்கிலத்தில் மீட்டிங் என்றால் தயங்குவார். பைத்தான் கோடை முன்னால் வைத்தால் எங்கள் எல்லோரையும்விட வேகமாகத் தப்பைச் சுட்டிக்காட்டுவார். பதினேழு வயதில், தாய்மொழியில் விளக்கத்தோடு பார்த்த மொழி அது.

அதற்காகப் புதியவர்களுக்குத் தெரிந்ததையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல டெவலப்பர் ஒரு மொழியைச் சில வாரத்தில் பிடித்துக்கொள்வார். ஆனால் மற்றவர் எழுதியதில் ஒளிந்திருக்கும் தப்பைப் பார்த்ததும் 'இது இடறும்' என்று மனசு சொல்ல, வருடம் பிடிக்கும். டைனமிக் மொழியில் கம்பைலருக்குப் பதிலாக அந்தக் கண்தான் வேலை செய்கிறது. டீமில் அந்தக் கண் உள்ளவர்கள் எந்த மொழியில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த மொழியை எடுக்காதீர்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் லீவு போடும் நாளில் உங்களுக்குக் காவலே இல்லை.

நான்காம் படி: நான்கு மொழிகளை நிதானமாகப் பாருங்கள்

பைத்தானை கைடோ வான் ராஸம் 1991-இல் வெளியிட்டார். படிப்பதற்கு எளிது, எழுதியவர் போனபிறகும் அடுத்தவரால் தொடர முடியும் என்பதுதான் டீமுக்கு அதன் பெரிய பலம். வெப் செயலி எழுத ஜாங்கோ என்ற ஆயத்தக் கட்டமைப்பு இருக்கிறது, தரவு ஆராய்ச்சிக்கான லைப்ரரிகளில் (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோடில்) பைத்தானுக்கு இணை இல்லை. வரத்து, விலை, பருவம் பற்றி எங்களிடம் கேட்கும் ரிப்போர்ட்டுகளுக்கு இது பெரிய வசதி.

குறைகளும் உண்டு. வழக்கமான பைத்தானில் உள்ள ஒரு பூட்டு, ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டை (ஒரு புரோகிராமுக்குள் ஓடும் வேலை இழையை) மட்டுமே பைத்தான் கோடை ஓட்ட விடும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லாத வடிவம் சோதனை முயற்சியாக வந்தது. அதுவரை எல்லோரும் செய்ததுபோல் பல பிராசஸ்களாக (தனித்தனி புரோகிராம்களாக) ஓட்டினால் அலுவலக வேலைக்குப் போதும். இன்னொன்று வரலாறு. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது பழைய கோடு அப்படியே ஓடவில்லை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல்தான் முடிந்தது. பதினோரு வருடம் இரண்டு மொழியாகப் பிரிந்து கிடந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கடைசி வருடம்வரை தள்ளிப்போட்டு, கடைசியில் ராத்திரி பகலாக மாற்றினோம். எந்தப் பெரிய மொழியும் ஒருநாள் இப்படிச் செய்யலாம் என்று எதிர்பார்த்தே திட்டம் போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப்பில் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகளில் ஒன்றைத்தான் மேலே நண்டுக் கூடையில் பார்த்தோம். 2009-இல், ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் வந்தபிறகு சர்வரிலும் அதே மொழியில் எழுத முடிந்தது. ஒரே மொழியில் இரண்டு பக்கமும் என்பது சிறிய டீமுக்குப் பெரிய சேமிப்பு. ஆனால் டீமாக எழுதுவதென்றால் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டில் எழுதுங்கள். "12" + 3 அதிலும் "123" என்றே ஆகும். ஆனால் 'இந்தப் பெட்டியில் எண் மட்டும்' என்று நீங்கள் எழுதிவைத்திருந்தால், விடையை அந்தப் பெட்டியில் போட முயலும் வரியை ஓடுவதற்கு முன்பே பிடித்துக் கொடுத்துவிடும்.

இந்த மொழியில் இன்னொரு ஆபத்து, மற்றவர்கள் எழுதி நாம் இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்னப் பேக்கேஜ்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பேக்கேஜை அதை எழுதியவர் விலக்கிக்கொண்டார். மொத்தம் பதினோரு வரி. ஒரு எழுத்துத் தொடரின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நம்பியிருந்த ஏராளமான புராஜெக்ட்டுகள் உலகம் முழுக்க அன்றைக்கு பில்ட் ஆகாமல் (ஓடும் வடிவத்துக்குக் கட்ட முடியாமல்) நின்றன. எதைச் சேர்க்கும்போதும் அது கூடவே எத்தனை பேரைக் கூட்டிவருகிறது என்று பாருங்கள். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பை (லாக் ஃபைலை) ரெபாசிட்டரியில், அதாவது டீமின் கோடு இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.

பிஎச்பியைப் பற்றி இளைஞர்கள் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட அந்த மொழியில்தான் விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கியும், வேர்ட்பிரஸ்ஸும் எழுதப்பட்டிருக்கின்றன. வழக்கமான அமைப்பில் பிரவுசரிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகத் தொடங்கி முடிந்துவிடுவதால், ஒன்றில் நேர்ந்த குளறுபடி அடுத்ததில் தங்காது. இரவில் எழுந்து பார்ப்பவருக்கு இதைவிட நிம்மதி இல்லை. 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து எண், எழுத்து போன்றவற்றுக்கும் வகை அறிவிக்கலாம். அறிவித்தால் ஓடும்போதே மொழி அதைச் சரிபார்க்கும். பைத்தானில் எழுதும் வகைக் குறிப்புகளை மொழி கண்டுகொள்ளாது, டைப்ஸ்கிரிப்டின் வகைகள் ஓடும் நேரத்தில் அழிந்துபோயிருக்கும். அந்த வகையில் பிஎச்பி இரண்டையும்விட ஒரு படி மேல். உங்கள் ஊரில் பிஎச்பி தெரிந்த நல்ல கைகள் இருந்தால் தயங்காமல் எடுங்கள். ஒரே நிபந்தனை: கண்டிப்பான வகை முறையை (strict_types) எல்லாக் கோப்பிலும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

ரூபி, யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்டது. அதில் எழுதி 2004-இல் வந்த ரெயில்ஸ் என்ற கட்டமைப்பு, வெப் செயலி எழுதும் முறையையே மாற்றியது. கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் அதில் வளர்ந்தவை. எழுத ஆசையான மொழி. ஆனால் எங்கள் கரையில் ஆள் கிடைக்கவில்லை, அத்தோடு விட்டுவிட்டோம். பெர்ல், லுவா, எலிக்ஸர் எல்லாம் அதனதன் இடத்தில் அருமையானவை. முதல் தேர்வு செய்பவர் இவற்றுக்குப் போக வேண்டுமென்றால், ஏற்கெனவே அதில் ஊறிய இரண்டு பேர் டீமில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள்

இரண்டு மொழிகளாகக் குறைத்தபிறகு, இரண்டிலும் ஒரே சிறிய வேலையைச் செய்து பாருங்கள். 'வணக்கம்' என்று திரையில் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. உங்கள் வேலையில் எது உறுத்துமோ அதை எடுங்கள். நாங்கள் எடுத்தது தமிழ்ப் பெயர்களும் பணமும்.

'மீன்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? குழந்தை இரண்டு என்று சொல்லும். பைத்தான், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுமே நீளம் 4 என்று சொல்லும். ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறை) நான்காக வைத்திருப்பதால். பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கு 12 என்று சொல்லும், ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால். பெட்டி மேல் ஒட்டும் சீட்டில் இருபது எழுத்துக்குமேல் வெட்டு என்று எழுதினால், புள்ளி தனியாகவும் மெய் தனியாகவும் பிய்ந்து, படகுக்காரர் பெயர் வேறு யார் பெயராகவோ ஆகிவிடும். சரியான விடையான 2 கிடைக்க ரூபியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உள்ளேயே வழி இருக்கிறது, பிஎச்பியில் இன்ட்டல் (intl) என்ற கூடுதல் நீட்சி வேண்டும், பைத்தானுக்கு வெளியிலிருந்து ஒரு லைப்ரரி வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரி அதற்கென்றே இருக்கிறது.

அகர வரிசை அதைவிட நுட்பமானது. நம் வரிசையில் வ-வுக்குப் பிறகுதான் ள. ஆகவே வாவல் முதலில், வாளை அடுத்து. யூனிகோடு எண்களிலோ ள முந்தியும் வ பிந்தியும் இருக்கின்றன. நான்கு மொழிகளிலும் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் வாளைதான் முதலில் வரும். ஏலக்காரர் பட்டியலில் வாவலைத் தேடிக் காணாமல் "இன்னிக்கு வாவல் வரலையா?" என்று போன் செய்தபோதுதான் எங்களுக்கே இது உறைத்தது. ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் வரிசை உள்ளேயே கிடைக்கிறது. மற்றவற்றுக்கு நீட்சியோ லைப்ரரியோ சேர்க்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேளுங்கள். நான்குமே இல்லை என்று சொல்லும். இது மொழியின் குறையல்ல, தசம எண்ணை இரும எண்ணாக வைப்பதன் விளைவு. கேட்க வேண்டியது, பணத்துக்குச் சரியான வகை கையோடு கிடைக்கிறதா என்பது. பைத்தானில் டெசிமல், ரூபியில் பிக்டெசிமல், பிஎச்பியில் பிசிமேத் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் தசமத்துக்கென்று உள்ளேயே எதுவும் இல்லை. பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்தால் 9007199254740991 வரை பிசகாது, எந்த ஏற்றுமதிக் கணக்குக்கும் அது போதும். எங்கள் டீமில் எந்த மொழியில் எழுதினாலும் பணம் பைசாவில், எடை கிராமில், முழு எண்ணாக மட்டுமே என்று விதி வைத்துவிட்டோம்.

ஒத்திகை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒருவர் எழுதியதை, அதில் கையே வைக்காத இன்னொருவரிடம் கொடுத்து ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள். மாற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, எங்கே திகைத்து நின்றார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு எல்லா ஒப்பீட்டுக் கட்டுரைகளையும்விட அந்த ஒரு மணி நேரம்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

ஆறாம் படி: காவலை முதல் நாளே போடுங்கள்

கன்டெய்னர் கதை இதுதான். ஏற்றுமதிக் காகிதம் தயாரிக்கும் பகுதியில், ஒரே ஒரு நாட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சான்றிதழ் வேண்டும். அந்த நாட்டுக்கு மட்டும் ஓடும் கோடுக் கிளையை எழுதியபோது, கோடில் உள்ள ஒரு பெயரில் ஒரு எழுத்து பிசகிவிட்டது. அந்த நாட்டுக்கு ஆர்டர் வராதவரை அந்த வரி ஓடவில்லை, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. ஆர்டர் வந்தது. சரக்கு ஏறிய குளிர்பதனக் கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, இங்கே பிரிண்ட் பட்டனை அழுத்தினால் பிழை. எங்கள் டீமில் மூன்று பேர் ஒரே திரையைச் சுற்றி நின்று அந்த ஒரு எழுத்தைத் திருத்தினோம். டிரைவர் சாயல்குடி தாண்டிவிட்டார் என்று போன் வந்துகொண்டே இருந்தது. ஜாவாவில் எழுதியிருந்தால் கம்பைலர் அந்தக் கோடை ஏற்றிருக்கவே செய்யாது.

இதற்கு மருந்து உண்டு, எல்லாப் பெரிய டீம்களும் அந்த மருந்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. பைத்தானில் 2015-இல் வகைக் குறிப்புகள் முறைப்படி வந்தன. ட்ராப்பாக்ஸ் நிறுவனம் 2019-இல் நாற்பது லட்சம் வரிப் பைத்தானை மைபை என்ற வகைச் சரிபார்ப்புக் கருவி கொண்டு சரிபார்ப்பதாக எழுதியது. ரூபியில் எழுதிய ஸ்ட்ரைப் நிறுவனம், சார்பெட் என்ற சரிபார்ப்புக் கருவியைத் தானே உருவாக்கியது. பிஎச்பியில் தொடங்கிய ஃபேஸ்புக் 2014-இல் ஹேக் என்று வகையோடு ஒரு மொழியையே வெளியிட்டது. இவர்கள் எல்லாம் கோடு மலையாகக் குவிந்தபிறகு பின்னால் போய்ச் சேர்த்தார்கள். உங்களிடம் இன்னும் ஒரு வரிகூட இல்லை, முதல் நாளே சேர்த்துவிடலாம். பைத்தான் என்றால் மைபை அல்லது பைரைட், பிஎச்பி என்றால் பிஎச்பிஸ்டான், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் டைப்ஸ்கிரிப்டின் கண்டிப்பான முறை. கருவி பச்சை காட்டாமல் எந்தக் கோடும் மெயின் கிளைக்குள் (டீமின் பொதுக் கோடுக்குள்) போகக்கூடாது. இதில் மேனேஜருக்கும் விதிவிலக்கு வேண்டாம்.

கருவி பிடிக்காதது ஒன்று உண்டு: வெளியிலிருந்து வரும் தரவு. பையன் தட்டும் எடையின் வகை கருவிக்குத் தெரியாது. அதனால் வாசலிலேயே ஒரு காவல் வேண்டும். பைத்தானில் பைடாண்டிக், டைப்ஸ்கிரிப்டில் ஸோட் மாதிரி ஏதாவது ஒன்றை வைத்து, உள்ளே வருவது எண்தானா, நூறு கிராமுக்குக் கீழேயோ ஐம்பது கிலோவுக்கு மேலேயோ கூடை இருக்க முடியுமா என்று கேட்டபிறகே உள்ளே விடுங்கள். அந்த எல்லைகளை நாங்களாகப் போடவில்லை. காக்காவிடம் உட்கார்ந்து, எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினோம். அவர் கண்ணால் பிடித்ததை இப்போது வாசல் பிடிக்கிறது.

டெஸ்ட் (கோடைத் தானாகச் சோதிக்கும் கோடு) எழுதுவது பற்றி எல்லோரும் சொல்வதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: அரிதாக ஓடும் கிளைகளுக்கு முதலில் எழுதுங்கள். தினமும் ஓடும் பகுதியை தினமும் யாராவது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாங்கள் கடைசியில் எடுத்தது சர்வரில் பைத்தானும் ஜாங்கோவும், போன் பக்கத்தில் டைப்ஸ்கிரிப்டும். இரண்டு மொழி என்பதால் இரண்டு காவல், இரண்டு பேக்கேஜ் பட்டியல், செலவு கூடுதல்தான். சிக்னல் பிரச்சினை இல்லாத ஊரில் இருந்திருந்தால் பைத்தானோடு நிறுத்தியிருப்போம். எங்கள் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தாளில் வேறு பதில் வரலாம்.

ஏழாம் படி: காலண்டரில் குறித்துவையுங்கள்

மொழியைத் தேர்ந்த அன்றே அதன் ஆயுளையும் எழுதிவையுங்கள். பைத்தானில் ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப் பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. பிஎச்பிக்கு நான்கு வருடம். ரூபி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வரும். நோட் ஜேஎஸ்ஸின் 18-ஆம் பதிப்புக்கு 2025 ஏப்ரல் 30-இல் ஆதரவு முடிந்தது, 20-ஆம் பதிப்புக்கு 2026 ஏப்ரல் 30. அதற்குப் பிறகு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைத்துத் தர ஆள் இல்லை.

எங்களுக்கு இதில் ஒரு வசதி அமைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும் என்பதால் கொட்டகை மூடாது, ஆனால் வரத்து குறைந்து எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி வர்ணம் அடிக்கும் அதே வாரங்களில்தான் நாங்களும் பதிப்பு மாற்றுகிறோம். ஏப்ரல் 15 அன்று புதுப் பதிப்பில் டெஸ்ட்டுகளை ஓட்டுவோம். மே முழுக்கத் திருத்தம். ஜூன் முதல் வாரத்தில் பாம்பன் கொட்டகையில் மட்டும் புதிதை ஓட்டிப் பார்ப்போம். ஜூன் 8-க்குள் எல்லாக் கொட்டகையிலும் சரியாக ஓடவில்லை என்றால் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டு, பழைய பதிப்போடுதான் படகுகளை எதிர்கொள்வோம். உங்கள் நிறுவனத்திலும் இப்படி வேலை தணியும் வாரங்கள் எவை என்று கணக்குப் பிரிவில் கேட்டு, மொழியின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தத் தேதிகளையும் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.